ஒன்றைக் கழிக்கும் வரி

முதலில், தாமதமாக உள்ளே வந்ததற்கு மன்னிக்க வேண்டும். ஒன்பதரைக்கே வந்துவிட்டேன். விசாரணைக்கு வருகிறவர்களும் டோக்கன் எடுக்க வேண்டும் என்று வாசலில் எழுதியிருந்தது, எடுத்தேன். ஏழாம் எண். என் சீட்டு வெளியே வந்ததும் இயந்திரம் ஆறாம் எண்ணைக் கூப்பிட்டது. ஆறாம் எண்காரர் முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தாராம். “ராசியான ஆளு சார் நீங்க. நீங்க கால வச்சீங்க, என் நம்பர் வந்துருச்சு” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். பிறகு நான் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். வராந்தாவில் வேறு யாரும் இல்லை, ஆனாலும் ஏழு வரவில்லை. பத்தேகாலுக்கு ஒரு கூரியர்காரர் வந்து எட்டாம் எண்ணை எடுத்தார். உடனே ஏழு வந்தது. அவரும் ராசிக்காரர்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விசாரணைக் குழுத் தலைவர் அம்மா கேட்டது நேரடியான கேள்வி. ஆனால் பத்தொன்பது வருடமாக மென்பொருள் பொறியியல் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவன் நான். அடியிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்கு வாய் வரும். தட்டச்சு செய்கிற அம்மணி நல்ல வேகத்தில் அடிக்கிறார், அதனால் கவலையில்லை.

பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் அரை மார்க். தவறு எங்கே கண்டாலும் அரை மார்க் குறைப்பேன், அதனால். கத்துவது கிடையாது, யாரையும் வெளியே நிற்க வைத்தது கிடையாது. நான் இஸ்திரி போட்ட சட்டையில் மடிப்பு விழுந்திருந்தால் என் மனைவிகூட “அரை மார்க் கட்” என்பாள். அதை நான் கெட்ட பெயராக நினைத்ததில்லை.

ஒரு பிள்ளைக்கு உண்மையிலேயே என்ன புரிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது இருக்கிறதே, எங்கள் தொழிலில் அதைவிடக் கஷ்டமான வேலை இல்லை. எழுத்துத் தேர்வில் எல்லாரும் பக்கம் பக்கமாக எழுதிவிடுகிறார்கள். புரோகிராமும் எல்லாருக்கும் ஓடிவிடுகிறது. நண்பனிடம் வாங்கியது, அக்காவிடம் வாங்கியது, இணையத்தில் எடுத்தது, எதுவாக இருந்தாலும் ஓடும். மிச்சம் இருப்பது வைவா. எதிரே உட்கார வைத்து வாயால் கேட்பது. போன வருடம் ஒரு பையன் இருந்தான், எதைச் சொன்னாலும் தலையாட்டுவான், ஆமாஞ்சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். அவனைக் கேட்டேன்.

“இந்த வரி என்ன பண்ணுது?”

“அது அதோட வேலையப் பண்ணுது சார்.”

“என்ன வேலை?”

“முக்கியமான வேலை சார்.”

“எடுத்துட்டா?”

“எடுக்கக் கூடாது சார்.”

அவனுக்கு எண்பத்தேழரை போட வேண்டியிருந்தது. வேறு வழியில்லை, புரோகிராம் ஓடியது.

வீட்டில் எல்லாக் குழாயும் ஒழுங்காக இருக்கும்வரை எல்லாரும் குழாய்க்காரர்கள்தான். ஒழுக ஆரம்பித்தால்தான் யாருக்கு வேலை தெரியும் என்று தெரியும். எனவே, இந்த வருடம் ஒழுக வைத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். யோசித்துப் பாருங்கள், இதில் நியாயமில்லாதது ஒன்றும் இல்லை.

இறுதியாண்டுப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர். வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் புரோகிராமைக் கல்லூரிக் கணினியில் போட்டுவிட வேண்டும். திங்கட்கிழமை வைவா. இடையில் சனிக்கிழமை லேப் காலியாக இருக்கும், சாவி என்னிடம். காலை பத்துக்கு ஃபிளாஸ்க்கில் தேநீருடன் போய் உட்கார்ந்தேன். ஆளுக்கு ஒரு வரி மாற்றினேன். ஒன்றே ஒன்று. அதற்கு மேல் ஒரு எழுத்தைத் தொடவில்லை. யாருடையதில் எந்த வரி, முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது, எல்லாம் பழுப்பு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதோ, உங்கள் மேசையில் இருக்கிறது. முதல் பக்கத்தில் ‘கண்டுபிடிப்பவருக்கு முழு மார்க்’ என்று எழுதியிருப்பதையும் தயவுசெய்து பாருங்கள். பரிசாகக் கொடுக்க ஒரு நல்ல பேனாகூட வாங்கினேன். கறுப்பு நிறம், மூடியில் வெள்ளிப் பட்டை. திங்கட்கிழமை அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

அன்று முற்பகலில் வந்தவர்களைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கே சிரிப்பு வரும். நூலகப் புரோகிராம் செய்தவன் முதலில் வந்தான். நேற்று எடுத்த புத்தகத்தைப் போன வருடமே திருப்பித் தர வேண்டும் என்றது அது. கேட்டேன். “வாசகர்கள் சீக்கிரமா படிக்கணும்னு ஒரு தூண்டுதல் சார்” என்றான். அடுத்தவளுடையது மருத்துவமனைப் படுக்கை. ஒரே படுக்கையில் இரண்டு நோயாளிகளைப் போட்டது. “இடப் பற்றாக்குறைய மனசுல வச்சு செஞ்சது சார்” என்றாள். லிஃப்ட் புரோகிராம் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்று கதவைத் திறந்தது. அது அவசர வழியாம். ஒருவனுடையதில், ஒரு வரியை ஒன்றுமே செய்யாததாக மாற்றி அதற்குப் ‘பாதுகாப்பு’ என்று பெயர் வைத்திருந்தேன். அந்த வரி எப்படிப் பாதுகாக்கிறது என்று ஏழு நிமிடம் விளக்கினான். வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்திருந்த எக்ஸ்டர்னல் அதில் இரண்டு சந்தேகம் கேட்டார். இரண்டுக்கும் பதில் சொல்லி அவருக்குத் திருப்தி ஏற்படுத்திவிட்டான்.

நாற்பத்தொரு பேர். ஒருவருக்கும் தன் வீட்டில் திருடன் வந்து போனது தெரியவில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது என்று இப்போது சொன்னால் குறித்துக்கொள்வீர்கள், பரவாயில்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

நாற்பத்திரண்டாவதாக வந்தவளைப் பற்றித்தான் இந்த விசாரணை. வகுப்பில் அவளைக் கேள்விக்குறி என்பார்கள். லிஃப்ட் மெக்கானிக் ஒருவருடைய மகள். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பாள். நல்ல பழக்கம்தான், எனக்கு அதில் எந்த வெறுப்பும் கிடையாது. ஒரே ஒருமுறை கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது, அவ்வளவுதான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் துறையில் ஒரு மாதிரிப் புரோகிராம் உண்டு. முப்பத்தொரு வரி. ஆட்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராகக் கூப்பிடுகிற புரோகிராம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எனக்கு முன்பு அந்த மேசையில் இருந்தவர் அதைக் கையில் கொடுத்து, “இத அப்படியே போடு, ஓடும்” என்றார். போட்டேன், ஓடியது. பத்தொன்பது வருடமாக அதைத்தான் கரும்பலகையில் எழுதுகிறேன். எல்லாப் பிள்ளைகளும் தங்கள் புரோகிராமை அதன் மேல்தான் கட்ட வேண்டும். அதில் கை வைப்பவருக்குத் தேர்ச்சி இல்லை என்பது லேப் கையேட்டில் அச்சிட்ட விதி, நான் எழுதியது. பெருமைக்குச் சொல்லவில்லை, இந்த ஊரில் கண் டாக்டரிலிருந்து மின்வாரியம்வரை பாதி டோக்கன் இயந்திரங்களில் ஓடுவது என் பழைய பிள்ளைகள் அதை வைத்து எழுதியதுதான்.

அதில் பதினெட்டாவது வரி: வரிசையில் இருப்பவர்களின் எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழி. கேள்விக்குறி எழுந்து நின்றாள்.

“சார், இங்க ஏன் ஒன்ன கழிக்கிறோம்?”

“கழிக்கணும்மா.”

“கழிக்கலேன்னா?”

“தப்பா வரும்.”

“எப்படி சார் தப்பா வரும்?”

நான் சாக்பீஸை மேசையில் வைத்தேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். “அந்த வரிய எடுக்கக் கூடாது. உக்காரு” என்றேன். அவள் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் நடந்தது. எனக்கு அது நினைவிலேயே இல்லை. அன்று வியாழக்கிழமை, மூன்றாவது பீரியட், அவள் சன்னலோரம் இரண்டாவது பெஞ்சில் இருந்தாள்.

சனிக்கிழமை மற்றவர்களுக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் ஆனது. அவளுக்கு மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம். அவளுடையது ரத்த வங்கிப் புரோகிராம். எதையும் ஒளித்துவைக்க இடமில்லாமல் எழுதியிருந்தாள். கடைசியில் ஒரே ஒரு குறியைத் திருப்பிப் போட்டேன். அதன் பிறகு அது கெட்டுப்போன ரத்தத்தைக் கொடுத்தது, நல்லதைக் கொட்டியது. பரீட்சைக்காகத்தானே, நிஜ ரத்தம் ஒன்றும் இல்லை.

வைவாவில் புரோகிராமை ஓட்டினாள். திரையைப் பார்த்தாள். நிறுத்தினாள். விரலை வைத்து வரிவரியாக இறங்கினாள். நான்கு நிமிடம் இருக்கும். எக்ஸ்டர்னல் கடிகாரத்தைப் பார்த்தார். நான் சட்டைப் பையில் பேனாவைத் தொட்டுக்கொண்டேன். நம்புவீர்களா? பத்தொன்பது வருடமாக இந்த ஒரு பிள்ளைக்காகத்தான் காத்திருந்தேன்.

“சார், இது என்னோடது இல்ல” என்றாள்.

“எது?” என்றார் எக்ஸ்டர்னல்.

“இதுல ரெண்டு வரி என்னோடது இல்ல சார். இந்த வரிய யாரோ மாத்தியிருக்காங்க. வெள்ளிக்கிழமை நான் போட்டப்ப இப்படி இல்ல.” சரிசெய்தாள். அதற்குள் பேனாவைப் பாதி வெளியே எடுத்துவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. “இன்னொன்னு, இது சாரோட மாதிரிப் புரோகிராம்ல இருந்தே வர்றது. பதினெட்டாவது வரி. இங்க ஒன்ன கழிக்கிறதால, கடைசியா நிக்கிறவர எப்பவுமே கூப்பிடாது சார். அவருக்குப் பின்னாடி இன்னொருத்தர் வந்தாத்தான் கூப்பிடும். நாம டெஸ்ட் பண்றப்ப ஆளுங்கள சேத்துக்கிட்டே இருக்கோம்ல, அதனால தெரியல.” அதையும் அழித்தாள்.

நான் பேனாவை உள்ளே தள்ளினேன்.

எக்ஸ்டர்னல் நல்லவர், ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. “தானா மாறுமாம்மா? உன்னோடது இல்லேன்னு நீயே சொல்லுற” என்று கேட்டுவிட்டு எழுதினார்: ‘தன் புரோகிராமில் தன்னுடையதல்லாத வரிகள் இருப்பதை மாணவி தாமே ஒப்புக்கொண்டார். மாதிரிப் புரோகிராமிலும் கை வைத்தார். தேர்ச்சி இல்லை.’ அந்த நாளில் பதிவான ஒப்புதல் வாக்குமூலம் அது ஒன்றுதான். உள்தேர்வாளர், அதாவது நான், கையெழுத்து போட வேண்டும். எக்ஸ்டர்னல் தன் பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டார். என்னிடம் இருந்தது ஒரே பேனா. போட்டேன். நன்றாக எழுதியது.

அவள் என்னைப் பார்த்தாள். “சார், நீங்க சொல்லுங்க சார்” என்றாள். நான் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னேன். அடுத்து யாரும் இல்லை. அவள்தான் கடைசி.

அந்தக் கையெழுத்தால் அவளுக்கு ஒரு வருடம் போனது, கிடைத்திருந்த வேலையும் போனது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அவள் அப்பா ஒரு நாள் துறைக்கு வந்தார். லிஃப்ட் கிரீஸ் நகக்கண்ணில் இருந்தது, கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார்.

“எம் பொண்ணு எங்கிட்ட பொய் சொல்ல மாட்டா சார். அவ திருடலேன்னு சொல்றா. நீங்க கூடவே இருந்தீங்கல்ல, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ திருடுனாளா?”

நான் அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னேன். விதியைப் படித்துக் காட்டினேன். தண்ணீர் கொடுத்தேன். “சரிங்க சார், விதின்னா விதிதான்” என்று சொல்லிவிட்டு, தண்ணீரைக் குடிக்காமல் போனார். அந்தத் தண்ணீரை நானே குடித்தேன். அன்று வெயில் அதிகம் என்று நினைக்கிறேன்.

பதினெட்டாவது வரியை நான் சோதிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வைவா அன்று சாயங்காலமே சோதித்தேன். சாப்பாட்டு மேசையில் ஐந்து தீக்குச்சிகளை வரிசையாக வைத்து, அந்த வரி சொல்கிறபடி ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். நான்கு போனது. ஐந்தாவது அப்படியே கிடந்தது. மறுபடி செய்தேன். மறுபடியும். மூன்று தடவையும் ஒன்று மிச்சம். அடுப்பு மூட்ட வந்த என் மனைவி அந்தக் குச்சியை எடுத்து உரசிக்கொண்டு போனாள். அதோடு மிச்சம் எதுவும் இல்லை. தீக்குச்சி வேறு, புரோகிராம் வேறு.

இன்னொன்று சொல்ல வேண்டும். என் மனைவி கண் டாக்டரிடம் போனால் எப்போதும் இரண்டு டோக்கன் எடுப்பாள். ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றைக் குப்பையில் போடுவாள். எனக்கு அந்த ஒழுங்கீனம் பிடிக்காது. கேட்டால், “பின்னாடி ஆள் இருந்தாத்தான் முன்னாடி இருக்கறவங்கள கூப்பிடும். ஊருக்கே தெரியும். நீங்கதான் பெரிய படிப்பு படிச்சவராச்சே, உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்பாள். டாக்டர் வீட்டுக் குப்பைக் கூடை நிறைய டோக்கன்தான்.

பிறகு அந்தப் பெண் உங்களிடம் மேல்முறையீடு செய்தாள். எந்தக் கோப்பை யார், எப்போது மாற்றினார் என்று கணினியே குறித்து வைத்திருக்கும், அதை எடுத்துப் பாருங்கள் என்று கேட்டாள். நீங்கள் எடுத்தீர்கள். நாற்பத்திரண்டு இடத்திலும் சனிக்கிழமை, என் பெயர். அந்தக் குறிப்பு இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதைப் பாடமாக நடத்துகிறவனே நான்தான். அந்த இடத்தில் எனக்கு அரை மார்க் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, ஒப்புக்கொள்கிறேன். அந்த முதல் வரியை மாற்றியது நான். அவள் திருடவில்லை. நாற்பத்திரண்டு பேரில் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்தி, அது எனக்கு அந்த நிமிடமே தெரியும், தெரிந்துதான் கையெழுத்து போட்டேன். சோதனையின் நடுவில் வாய் திறந்தால் சோதனை கெட்டுவிடும் என்று இருந்துவிட்டேன். சோதனை எப்போதோ முடிந்துவிட்டதே என்று பதிவாளர் ஐயா கேட்கிறார். முடிந்துவிட்டதுதான்.

இப்போது தலைவர் அம்மா கேட்டதற்கு வருகிறேன். திருட்டுப் பழி நீங்கினாலும் மாதிரிப் புரோகிராமில் கை வைத்த குற்றம் நிற்கிறது. அந்தப் பதினெட்டாவது வரி தவறு என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அதுவும் விழுந்துவிடும், அவளுக்கு வருடம் திரும்பக் கிடைக்கும். சரியா, தவறா, ஒரே சொல்லில் பதில் வேண்டும் என்கிறீர்கள்.

அம்மா, அந்த வரி பத்தொன்பது வருடமாக ஓடுகிறது. அது அதோட வேலையைப் பண்ணுகிறது. முக்கியமான வேலை. எடுக்கக் கூடாது.

இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. கையெழுத்துக்குப் பேனா வேண்டாம், என்னிடம் இருக்கிறது. போவதற்கு முன் ஒரு சின்ன வேண்டுகோள் மட்டும். வெளியே அந்தக் கூரியர்காரர் இன்னும் உட்கார்ந்திருப்பார், எட்டாம் எண். அவருக்குப் பின்னால் யாரும் வரவில்லை போலிருக்கிறது. யாராவது போய் அவரைக் கூப்பிடுங்கள், பாவம், வேலை இருக்கிற மனிதர். அந்த இயந்திரத்தையும் யாரிடமாவது காட்டிவிடுங்கள். கடைசியில் நிற்கிறவரைக் கூப்பிடாத ஒரு புரோகிராமைப் புரிந்துகொண்டு எழுதியவன் எவனும் இருக்க முடியாது. வேண்டுமானால் இதையும் என் வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.